கட்டடக்கலை மாணவர் வாழ்க்கை



சங்கரன்கோவிலுக்கு வருபவர் எவராயினும், ஒன்பது நிலைகளுடன் உயர்ந்து நிற்கும் கோவில் இராஜகோபுரத்தின் அடியில் ஒரு கணமாவது நின்று அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. ஆடித்தபசு நாளில் இரத வீதிகளில் கூடும் பெருங்கூட்டம் முழுவதும் அவ்வாறு பார்க்கிறது. பார்த்தவர்களில் எத்தனை பேர், "இதைக் கட்டியவன் முதல் நாள் காலையில் என்ன செய்திருப்பான்?" என்று எண்ணியிருப்போம்? எங்கே முதல் கயிற்றைப் பிடித்தான்? எந்தக் கோலால் அளந்தான்? இத்தகைய கேள்விகள் எழுகின்ற இளைஞர் சிலர் கட்டடக்கலை படிக்க விரும்புகின்றனர். அந்தப் படிப்பில் ஒரு மாணவரின் நாட்கள் உண்மையில் எவ்வாறு கழிகின்றன என்பதை, மேற்பூச்சு ஏதுமின்றி உங்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். "என் மகனுக்குக் கை நன்றாக வரைகிறது; ஆகவே அவன் இதற்குப் போகலாம்" என்று பெற்றோர் கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கை வரைவது நல்லதுதான். ஆனால் இந்தப் படிப்பில் கையைவிட அதிகமாக வேலை வாங்கப்படுவது கண்ணும் காதும் ஆகும். பொறியாளர் ஒரு கட்டடம் நிற்குமா என்று கணக்கிடுகிறார். கட்டடக்கலைஞர் அதற்குள் மனிதர் எவ்வாறு நிற்பார், நடப்பார், உறங்குவார் என்று முன்கூட்டியே காண வேண்டியவர்.

நம் மாநிலத்தில் இந்தக் கல்விக்கு இரண்டு முக்கியமான வாயில்கள் ஒரே ஆண்டில் திறந்தன என்பது சுவையான செய்தி. 1957ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகக் கிண்டியில் கட்டடக்கலைப் பயிற்சி தொடங்கியது. அதுவே இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இருக்கிறது. அதே 1957இல் மாமல்லபுரத்தில் கோவிற் கட்டடக்கலையும் சிற்பமும் கற்பிக்கும் அரசு நிறுவனம் தோன்றியது. ஒன்று மேனாட்டு முறையில் வந்த கல்வி. மற்றொன்று தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கல்வியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பின்னதற்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய கணபதி ஸ்தபதி, அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்த பட்டதாரி. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை அவர் அமைத்தது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்தனை. அதன்மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த அதிகாரங்கள் அத்தனை. மொத்தம் 133. கணக்குப் பிடிக்காது என்பதற்காக இந்தப் படிப்பைத் தேடி வருபவர்கள் இதனைச் சற்று நினைவில் வைப்பது நலம்.

பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள். பிளஸ் டூவில் கணிதம் படித்து, நாட்டா என்னும் நுழைவுத் தேர்வையோ அதற்கு இணையான தேர்வையோ எழுதிச் சேருகின்றனர். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, படித்து முடித்துக் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். பொறியியல் படித்த நண்பன் நான்கு ஆண்டில் வேலைக்குப் போய்விடுவான். நீங்கள் ஐந்தாவது ஆண்டிலும் வீட்டிலிருந்து பணம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தாளுக்கும், அச்சுக்கும், மாதிரி செய்யும் அட்டைக்கும், கணினிக்கும் ஆகும் செலவு சேருமிடத்தில் கல்லூரிக் கட்டணத்தோடு சொல்லப்படுவதில்லை. முதல் வேலையில் கிடைக்கும் ஊதியமும் பெரும்பாலும் சிறியதே. குடும்பத்தார் இதனைத் தெரிந்துகொண்டே முடிவு செய்வது நேர்மையானது.

இனி வகுப்பறைக்குப் போவோம். மற்றப் படிப்புகளில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. ஸ்டுடியோ என்று அதற்குப் பெயர். அங்கே பாடம் நடத்துவதில்லை. ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டு, "தீர்த்துக்கொண்டு வா" என்பார்கள். எடுத்துக்காட்டாக, இப்படி ஒரு பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். இருபதடி அகலமும் ஐம்பதடி நீளமும் உள்ள மனை. அதில் கைத்தறி நெசவாளர் குடும்பம் ஒன்றுக்கு வீடு. மாணவி ஒருத்தி இதனைச் செய்கிறாள். சங்கரன்கோவிலில் குழித்தறி வைத்திருக்கும் ஒரு வீட்டிலே பிறந்தவள் அவள் என்றும் வைத்துக்கொள்வோம்.

அவள் மூன்று இரவுகள் விழித்து வரைகிறாள். முகப்பில் அழகான வளைவு; மாடியில் தொட்டிச் செடிகள்; வரவேற்பறையில் பெரிய சோபா. தரைப்படம், குறுக்குவெட்டு, முகப்பு எல்லாம் சுவரில் குத்தி வைக்கப்படுகின்றன. வெளியிலிருந்து வந்த கலைஞர் இருவரும் ஆசிரியரும் எதிரே அமர்கின்றனர். இதற்கு ஜூரி என்று பெயர். சொல் நீதிமன்றத்திலிருந்து வந்தது, மாணவரின் மனநிலையும் ஏறக்குறைய அதுதான்.

"தறி எங்கே, அம்மா?" என்று கேட்கிறார் ஒருவர்.

பின்பக்கத்து அறையைக் காட்டுகிறாள்.

"மழை பெய்தால் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறாதா? பாவு எங்கே நீட்டுவார்கள்? பக்கத்து வீட்டில் நாளை விசைத்தறி போட்டால் அந்தச் சத்தத்தில் குழந்தை எங்கே உட்கார்ந்து படிக்கும்?"

அவளிடம் விடையில்லை. சிவப்புப் பென்சில் ஒன்று மூன்று இரவுகளின் மேல் குறுக்கே ஓடுகிறது. பிறந்தது முதல் தறியோசையில் உறங்கியவள், வீடு வரையச் சொன்னபோது எங்கோ பத்திரிகையில் பார்த்த பங்களாவை வரைந்துவிட்டாள்.

இந்தப் படிப்பின் கடினமான இடம் இதுதான். படத்தைக் குறை கூறும்போது தன்னையே குறை கூறுவதாக இளம் மனம் எடுத்துக்கொள்கிறது. சிலர் அழுகின்றனர். சிலர் படிப்பையே விட்டுச் செல்கின்றனர். இன்னும் சிலர், இவர்களே எனக்குக் கவலை தருபவர்கள், வரைபடத்தைத் திருத்துவதற்குப் பதிலாகச் சொற்சாதுரியத்தைக் கற்றுக்கொள்கின்றனர். எந்த வளைவுக்கும் ஒரு தத்துவம் சொல்லிவிடுவார்கள். தத்துவத்துக்குள் மழைநீர் ஊறும். ஆசிரியர்க்கும் இங்கே ஒரு கடமை உண்டு. படத்தைக் கிழிப்பது வேறு, பிள்ளையைக் கிழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர்.

இரவு விழிப்பைப் பற்றியும் ஒரு சொல். "நான் இரண்டு நாள் தூங்கவில்லை" என்று பெருமையாகப் பேசும் வழக்கம் கட்டடக்கலை மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. நான் அதனைப் பாராட்டமாட்டேன். தூக்கக் கலக்கத்தில் அட்டை வெட்டும் கத்தி விரலை வெட்டுகிறது என்பது ஒருபுறம் இருக்க, அந்நேரத்தில் வரைந்த படிக்கட்டு பெரும்பாலும் உத்திரத்தில் போய்த் தலையை இடிக்கிறது.

இவ்வளவும் கூறிய பின், மகிழ்ச்சியான பகுதிக்கு வருகிறேன். அளந்து வரைதல் என்று ஒரு பயிற்சி உண்டு. பழைய கட்டடம் ஒன்றுக்கு மாணவரை அழைத்துச் சென்று, அதனை அங்குலம் அங்குலமாக அளந்து தாளில் ஏற்றச் செய்வார்கள். பத்மநாபபுரம் அரண்மனை போன்ற இடம் கிடைத்துவிட்டால் அது திருவிழாதான். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுதுகிறார். மாலையில் கூட்டிப் பார்த்தால் பகுதிகளின் கூட்டுத்தொகை முழு நீளத்தோடு ஒத்துவராது. ஏழங்குலம் எங்கே போயிற்று? மறுநாள் மீண்டும் போக வேண்டும். அப்போதுதான் சுவர் ஓரிடத்தில் பருத்திருப்பது கண்ணில் படும். அங்கே மேல்மாடியின் பாரம் இறங்குகிறது என்பதும் விளங்கும். எந்தப் புத்தகமும் அதனை அவ்வளவு உறைக்கும்படி சொல்வதில்லை.

பயிற்சிக்காக ஒரு பருவம் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்ய வேண்டும். அங்கே அலுவலகத்தைவிடக் கட்டுமான இடமே நல்ல ஆசிரியர். கையில் படத்தோடு நிற்கும் மாணவனிடம் கொத்தனார் கேட்பார்: "தம்பி, பூச்சுக்கு இடம் விட்டீங்களா?" சுவரின் இருபுறமும் பூச்சு ஏறியபின் நிலைக்கு இடம் போதாது என்பது படம் வரைந்தவனுக்குத் தோன்றவில்லை, தூக்குக்குண்டு பிடித்தவருக்குத் தோன்றியது. நம் மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், 1945இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், இத்தகைய கொத்தர்களோடு களத்தில் நின்றே தம் கட்டடங்களை எழுப்பினார். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்றுக்கு இடைவெளி விட்டுக் கட்டும் சுவரை அவர் பரப்பினார். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம்; வீட்டுக்குள் வெப்பமும் குறைவு. சங்கரன்கோவில் வெயிலை அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோருக்கும் ஒரு செய்தி. இலங்கையின் ஜெப்ரி பாவா வழக்கறிஞராக இருந்தவர்; முப்பதைக் கடந்த பின் மாணவராகி, 1957இல் தமது முப்பத்தெட்டாம் வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். கோட்டையில் உள்ள இலங்கை நாடாளுமன்றக் கட்டடம் அவர் வடித்தது.

நம் மாணவியிடம் திரும்புவோம். விடுமுறைக்கு ஊர் வருகிறாள். பெட்டியில் அந்தச் சிவப்புக் கோடுகள் விழுந்த தாள். கையில் அளவு நாடா. தறியில் அமர்ந்திருக்கும் தந்தையிடம் நாடாவின் ஒரு நுனியைக் கொடுக்கிறாள். அவருக்கு வியப்பு, ஆயினும் பிடித்துக்கொள்கிறார். குழியின் நீளம், ஆழம், சுவருக்கும் தறிக்கும் இடையே உள்ள வழி எல்லாவற்றையும் எழுதுகிறாள். கடைசியாக ஜன்னல். எல்லா ஜன்னலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொடங்கும் என்று கல்லூரிப் படத்தில் அவள் போட்டிருந்தாள். இங்கே நாடா இரண்டடிக்கும் குறைவாகக் காட்டுகிறது. தவறாகப் பிடித்தோமோ என்று மறுபடியும் அளக்கிறாள், அதே அளவுதான்.

"இது ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, அப்பா?"

"குழியிலே காலை விட்டு இங்கே உட்கார்ந்து பார், தாயி" என்கிறார் அவர், எழுந்து இடம் விட்டு.

உட்கார்ந்து பார்க்கிறாள். வெளிச்சம் நேரே துணியின்மேல், ஊடை ஓடும் இடத்தில் விழுகிறது. மூன்றடிக்கு மேலே ஜன்னல் இருந்திருந்தால் அது தலைக்கு மேலாகப் போய் எதிர்ச்சுவரில் விழுந்திருக்கும். அந்த ஜன்னலை வைத்தவர் அவளுடைய பாட்டனார். அவள் அப்படியே உட்கார்ந்தபடி, தாளில் மூன்று என்றிருந்ததை அழித்து, நாடா காட்டிய அளவை எழுதிக்கொள்கிறாள்.