சாரத்துக்குக் கழி விற்கிறவர்களுக்கு



ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வராதவங்க நம்ம பக்கத்தில் குறைவு. சங்கரநாராயணர் கோயில் ராஜகோபுரம் ஒன்பது நிலை, 125 அடி. குடமுழுக்குத் திருப்பணி என்றாலே கோபுரத்தைச் சுற்றிச் சாரம் ஏறுவது வழக்கம். சாரத்தில் நின்று சுதைக்கு வண்ணம் தீட்டுகிற ஆளின் காலுக்குக் கீழே இருப்பது, யாரோ ஒரு விவசாயி வெட்டி விற்ற கழி. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சாரம் என்பது பழைய சொல். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் ஏற்ற, சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்ணால் சாரம் போட்டார்கள் என்று சொல்வதுண்டு. நாம் பார்க்கிற சாரமோ சவுக்கும் மூங்கிலும் கயிறும்தான். மூங்கிலில் ஆணி அடிக்கக் கூடாது, நீளவாக்கில் பிளந்து விடும். அதனால் எல்லாமே கட்டு. நிற்கிற கழியில் கணுவுக்குச் சற்று மேலே கட்டினால் கயிறு கீழே வழுக்காது. கழியோடு கழி சேர்த்து நீட்டும்போது ஒரு கட்டு போதாது. மழையில் நனைந்து காய்ந்த கயிறு தளரும், மறுபடி ஏறும் முன் ஒவ்வொரு கட்டையும் பார்க்க வேண்டும்.

கட்டு நன்றாக இருந்தும் கழி இளசாக இருந்தால் என்ன செய்ய? மூங்கில் ஒரே பருவத்தில் முழு உயரத்துக்கு வளர்ந்து விடும். பார்வைக்குப் பெரிய கழிதான். ஆனால் உள்ளே வலு ஏற மூன்று, நான்கு வருஷம் வேணும். ஒரு வருஷக் கழி காய்ந்ததும் சுருங்கும், மாவுச்சத்து மிகுந்திருப்பதால் துளைக்கும் வண்டும் சீக்கிரம் ஏறும். பளபளவென்ற பச்சையும், வெள்ளைப் பொடியும், கணுவில் ஒட்டிய உறையும் இருந்தால் அது இளசு. பச்சை மங்கி, பாசி படர்ந்து, தட்டினால் கணீரென்று கேட்டால் முற்றியது.

ஹாங்காங்கில் வானளாவிய கட்டடங்களுக்கே மூங்கில் சாரம்தான் கட்டி வந்தார்கள். 2025 மார்ச்சில் அங்குள்ள அரசு, புதிய அரசுக் கட்டட ஒப்பந்தங்களில் குறைந்தது பாதிக்கு உலோகச் சாரம் வேண்டும் என்றது. சொன்ன காரணங்களில் ஒன்று, மூங்கிலின் வலு கழிக்குக் கழி மாறுகிறது என்பது. இன்னொன்று, எளிதில் தீப்பிடிக்கும் என்பது. முதல் குறை நம்ம கையிலும் இருக்கிறது. அவசரத்துக்குப் பணம் வேணுமென்று புதரை மொத்தமாக வெட்டித் தள்ளினால், இளசும் முற்றினதும் ஒரே வண்டியில்தான் போகும்.

வறண்ட நிலத்துக்குக் கல் மூங்கில் ஏற்றது, நடுவே துளை சிறிதாக, கெட்டியாக வரும். நீர் தேங்கும் கரிசல் பள்ளத்தில் வைக்க வேண்டாம், வரப்போரம் பாருங்கள். 2017-இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து எடுத்து விட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு வெட்டுங்கள். தரையிலிருந்து முதல் கணுவை விட்டு அதன் மேலே அரிவாள் போகட்டும். அந்தந்த வருஷத்துக் கழிக்கு மார்கழியிலேயே ஒரு பெயிண்ட் கோடு, வருஷத்துக்கு ஒரு நிறம். வாங்க வருகிறவரிடம் நிறத்தைக் காட்டியே வயதைச் சொல்லலாம்.