தாளைத் துளையிட்டுக் கோத்து வைப்போம்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். கல்வி சிறந்தது என்பதில் இந்த அவையில் எவருக்கும் ஐயமில்லை. எனவே அதை விடுத்து, ஆங்கிலப் பாடத்தின் தாள்களைக் கோத்து வைக்கும் கோப்பு ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். பிள்ளைகள் இதனை 'ரிங் பைல்' என்கிறார்கள். ஹஜ்ரத் பைலைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

மாலையில் மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளின் பள்ளிப் பைகளை நான் நாள்தோறும் காண்கிறேன். கணக்கு நோட்டு ஒழுங்காக இருக்கிறது. அறிவியல் நோட்டும் ஓரளவு இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் பை முழுவதும் சிதறிக் கிடக்கிறது. நான்காக மடித்த வினாத்தாள், பாதி கிழிந்த ஜெராக்ஸ், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய கடிதம், புத்தகத்தின் அட்டையில் எழுதிய சொற்பொருள் என்று பல இடங்களில் இருக்கிறது. பிள்ளைகளின் சோம்பலே இதற்குக் காரணம் என்று முதலில் எண்ணத் தோன்றும். பாடநூலை வாங்கிப் புரட்டிப் பார்த்தபோது வேறொரு காரணமும் புலப்பட்டது.

2019ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஒவ்வோர் அலகிலும் ஓர் உரைநடை, ஒரு செய்யுள், ஒரு துணைப்பாடக் கதை என மூன்றும் இருக்கின்றன. இவற்றுக்கிடையே இலக்கணம், சொற்பயிற்சி, கடிதம், கட்டுரை ஆகியன வருகின்றன. வரலாற்றுப் பாடம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகச் செல்லும். ஆங்கிலம் அவ்வாறு செல்வதில்லை. திங்களன்று செய்யுள், செவ்வாயன்று இலக்கணம், புதனன்று கடிதம் என்று பல ஓடைகளாகச் செல்கிறது. தைத்த நோட்டிலோ எழுதிய நாளின் வரிசை மட்டுமே இருக்கும். தேர்வுக்கு முதல் நாள் 'கடிதம் எழுதுவது எப்படி' என்று தேடும் பிள்ளை, அந்த நோட்டின் ஏழெட்டு இடங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. முன்பு பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டு நோட்டுகளாகவாவது பிரித்து வைத்தார்கள். 2019-20 கல்வியாண்டு முதல் மொழிப்பாடத்திற்கு ஒரே தாள் என்றாகிவிட்டது. அனைத்தும் ஒரே நோட்டில் கலந்துவிட்டன.

கோத்து வைக்கும் கோப்பின் பயன் இங்கேதான் இருக்கிறது. தனித்தாளில் எழுதியதை எழுதிய நாளைப் பாராமல் அதற்குரிய இடத்தில் சேர்க்கலாம். தடித்த அட்டையை வெட்டி ஐந்து தடுப்புகள் வையுங்கள். உரைநடையும் துணைப்பாடமும் ஒன்று, செய்யுள் ஒன்று, இலக்கணம் ஒன்று, கடிதமும் கட்டுரையும் ஒன்று, திருத்தித் தந்த தேர்வுத்தாள்கள் ஒன்று. ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் தேதி, அலகு எண், பக்க எண் மூன்றையும் எழுத வேண்டும். இதை மட்டும் எவரும் விட்டுவிடலாகாது; வளையம் திறந்து தாள்கள் கொட்டிவிட்டால் மீண்டும் அடுக்க அந்த எண்களே துணை. நம் முன்னோர் கையால் எழுதிய அரபுக் கிதாபுகளில், அடுத்த ஏட்டின் முதற்சொல்லை முந்தைய ஏட்டின் அடியில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. ஏடுகள் கலைந்தாலும் அச்சொல்லைக் கொண்டு வரிசைப்படுத்திவிடுவார்கள்.

ஐந்தாவது பகுதியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்த தாளைப் பிள்ளைகள் கிழித்தெறிகிறார்கள், அல்லது ஒளித்து வைக்கிறார்கள். உண்மையில் அதுவே விலைமதிப்புள்ள தாள். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்ட பிழையைப் பின்பக்கத்தில் திருத்தி எழுதி, அந்தத் தாளை அப்படியே கோத்து வையுங்கள். மூன்று தேர்வுத்தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே பிழை மூன்றிலும் இருப்பது தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் நூறு விதமான பிழைகளைச் செய்வதில்லை. நான்கைந்து பிழைகளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இது மேனாட்டார் பழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். தாளில் துளையிடும் கருவிக்கும் கோப்புக்கும் ஜெர்மனியில் பிரீட்ரிக் சோன்னெக்கன் என்பவர் காப்புரிமை பெற்றது 1886இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பனையோலையில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டியவர்கள் தமிழர்கள். அதுவே சுவடி. இன்றும் நம் பழவேற்காட்டுத் தாய்மார்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். ஓலையை வகைபிரித்து அடுக்கி வைக்காமல் எவரும் முடையத் தொடங்குவதில்லை. அந்தப் பக்குவம் வீட்டில் இருக்கும்போது பிள்ளையின் பையில் மட்டும் இல்லாதிருப்பது வியப்பே.

நம் ஊரிலேயே இன்னுமொரு சான்று இருக்கிறது. டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை 1613ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று அதில் எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். ஆனால் அந்தக் கம்பெனியார் எழுதிய தாள்கள் ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பழவேற்காட்டின் பழைய வணிகத்தை எழுத முற்படும் ஆய்வாளர்கள் அங்கே செல்கிறார்கள்.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். யமாமா போருக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்களின் பணிப்பின்பேரில், பேரீச்ச மட்டைகளிலும் கல் தகடுகளிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் இருந்த இறைவசனங்களை ஒன்று திரட்டியவர். அந்த ஏடுகள் பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பொறுப்பில் பாதுகாக்கப்பட்டன. இதே ஸைத் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி யூதர்களின் எழுத்தைக் கற்றதும், அரை மாதத்திற்குள் தேர்ந்ததும் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பிறமொழி கற்றலும் ஏடுகளை ஒழுங்குபடுத்தலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் கூர்மதியாளர், நம் பிள்ளைகளுக்கு அரை மாதம் போதாது, பத்து மாதங்கள் தருகிறோம்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் கரையோரப் பிள்ளைகளில் பலர் வணிகக் கப்பலில் பணிபுரிய விரும்புகிறார்கள். ஜி.பி. ரேட்டிங் எனும் மாலுமிப் பயிற்சியில் சேர, மொத்த மதிப்பெண்ணில் 40 விழுக்காடு போதாது. ஆங்கிலத்தில் தனியாகவும் 40 விழுக்காடு வேண்டும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 போதும். ஆகவே ஆங்கிலத்தில் 36 பெற்ற பிள்ளைக்கு வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். அந்த மதிப்பெண்ணோடு சென்றால் கப்பலின் வாசல் திறக்காது. இடையிலுள்ள நான்கு மதிப்பெண்கள் ஒரு கடிதத்தை முறைப்படி எழுதினால் கிட்டக்கூடியவை. பெண்பிள்ளைகளும் கேளுங்கள்: அதே பாடநூலின் மூன்றாம் அலகு, தாரிணி என்னும் பாய்மரக் கலத்தில் 2017-18இல் உலகைச் சுற்றிவந்த நம் கடற்படைப் பெண்கள் அறுவரைப் பற்றியது. முதல் அலகோ பறக்க அஞ்சும் கடற்காகக் குஞ்சின் கதை. ஏரிக்கரையில் நாளும் காணும் பறவையைப் பற்றிய பாடத்தையே நம் பிள்ளைகள் கடினம் என்று ஒதுக்குகிறார்கள்!

'எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஹஜ்ரத்' என்று ஒரு மாணவர் கூறினார். காட்டச் சொன்னேன். திருமணப் படங்களுக்கும் மீன் படங்களுக்கும் இடையே விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்; மஃரிப் பாங்கு சொல்லும் வரை கிடைக்கவில்லை. படம் எடுப்பது தவறன்று. ஆனால் எழுதிய கை நினைவில் வைப்பதைப் படம் எடுத்த கை வைப்பதில்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் கூற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்குச் செல்லும் வழியே தண்ணீராக இருக்கும். படகேறி வரும் பிள்ளைகளும் உள்ளனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது அரையாண்டுத் தேர்வுக் காலத்தில். தைத்த நோட்டு ஒன்று நனைந்தால் ஆறு மாத உழைப்பும் சேர்ந்து நனைகிறது. கோப்பு உள்ளவர் அதை வீட்டில் உயரமான இடத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கு வேண்டிய நான்கைந்து வெற்றுத்தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் எடுத்துச் சென்றால் போதும். மாலையில் வந்து கோத்துக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 'எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, எதைப் பார்ப்பது?' என்பீர்கள். ஒரு சொல்லும் படிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோப்பைத் திறந்து ஐந்து தடுப்புகளையும் தொட்டுப் பாருங்கள். எந்தப் பகுதி தடித்திருக்கிறது, எந்தப் பகுதி சென்ற வாரம் இருந்தவாறே மெலிந்திருக்கிறது என்பது விரலுக்கே தெரியும். மெலிந்த பகுதியைக் காட்டி, 'இது ஏன் வளரவில்லை?' என்று கேளுங்கள். சிவப்பு மை உள்ள தாள்களை எண்ணுங்கள். பள்ளியில் இரண்டு தேர்வு நடந்திருக்க, தாள் ஒன்றே இருந்தால் மற்றொன்று எங்கே என்று வினவுங்கள்.

வளையக் கோப்பு வாங்க இயலாதவர் வருந்த வேண்டாம். பழைய நாட்காட்டி அட்டை இரண்டும், ஒரு டேக் கயிறும் போதும். நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: ஆண்டுதோறும் வழங்கும் கேடயங்களில் சிலவற்றைக் குறைத்து, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோப்பும் கோடிட்ட தாள்களும் வழங்க ஆவன செய்யுங்கள். கேடயம் அலமாரியில் இருக்கும். தாள் தீர்ந்தால் மறுபடியும் கேட்டு வருவார்கள், அதனால் நமக்கும் அவர்கள் நிலை தெரியும். துளையிடும் கருவி ஒன்றை மதரஸாவின் ஜன்னலோர மேசையில் வைத்திருக்கிறேன். அது தொலையாதிருக்கக் கயிற்றால் மேசையோடு கட்டப்பட்டுள்ளது. சனிக்கிழமை அஸருக்குப் பின் எந்தப் பள்ளியில் பயிலும் பிள்ளையும், எந்தக் குப்பத்துப் பிள்ளையும் தாள்களோடு வரலாம். தேதி எழுதாத தாளுக்கு மட்டும் துளையிட்டுத் தர மாட்டேன்.