கண்ணாடி இழையும் துபாஷியும்

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் பெயரளவில் சற்று அச்சம் தருவதாகத் தோன்றலாம். யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறி ஒன்றில் ஒளியிழைப் பிணைய அட்டையைப் பொருத்தி, அதன் இயக்கியை முறைப்படி அமைப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். அஞ்ச வேண்டியதில்லை. இவ்வேலையில் நான் ஓர் இரவு முழுவதும் தவறு செய்தவன். அத்தவற்றின் கதையையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

முதலில் இழையைப் பற்றிச் சில சொற்கள். மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்பலாம் என்பது பழைய எண்ணமே. ஆயினும், கண்ணாடியில் கலந்திருந்த மாசு ஒளியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிட்டது. 1966-ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்பவரும் ஹாக்ஹாம் என்பவரும், குற்றம் ஒளியினுடையது அன்று, கண்ணாடியின் மாசினுடையதே என்று எடுத்துக்காட்டினர். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலும் போதும், செய்தி அனுப்பலாம் என்றனர். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டிய இழையைச் செய்து முடித்தனர். இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் சென்றபின்னும் நூற்றில் 95 பங்கு ஒளி எஞ்சுகிறது. காவ் அவர்களுக்கு 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி, கணிப்பொறியின் பக்கம் வருவோம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டெனிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிவைத்த யூனிக்ஸ் என்னும் இயக்க முறை பல கிளைகளாகப் பிரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழியாக வளர்ந்த கிளை ஒன்றின் வழித்தோன்றல், 1993-இல் வெளிவந்த பிரீபிஎஸ்டி. என் கதையில் வரும் கணிப்பொறிகள் இரண்டும் அவ்வினத்தவையே.

இயக்க முறையின் உட்கருவுக்கு ஒரு மொழி; அட்டைக்கு வேறொரு மொழி. முற்காலத்தில் வெள்ளை வணிகனுக்கும் நம் ஊர்த் தறிக்காரனுக்கும் நடுவே துபாஷி நின்று பேசவில்லையா? அத்தகைய துபாஷிதான் இயக்கி. இன்டெல் நிறுவனத்தின் 82599 என்னும் சில்லு பொருத்திய அட்டைக்குப் பிரீபிஎஸ்டியில் உள்ள துபாஷியின் பெயர் ஐஎக்ஸ். ஆகவே, அந்த அட்டையின் முதல் வாயில் ஐஎக்ஸ்0 என்றும், அடுத்த வாயில் ஐஎக்ஸ்1 என்றும் பெயர் பெறும்.

அமைக்கும் முறை படிப்படியானது. கணிப்பொறி விழித்தெழும்போது எழுதும் செய்திகளில் அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்திருந்தால் துபாஷி அட்டையைக் கண்டுகொண்டான் என்பது பொருள். அட்டை தனக்கு அறிமுகமில்லாத ஒளிமுனையை ஏற்க மறுப்பதும் உண்டு. அதற்கு இசைவு தரும் அமைப்பும் இயக்கியில் இருக்கிறது. அடுத்து, ஒளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இழைகள் இரண்டு: ஒன்று அனுப்ப, மற்றொன்று பெற. இங்கே அனுப்பும் முனை, அங்கே பெறும் முனையில் சேர வேண்டும். குறுந்தொலைவு முனை 850 நானோமீட்டர் அலையில் பேசும். நெடுந்தொலைவு முனை 1310-இல் பேசும். ஒரு புறம் இது, மறுபுறம் அது என்று வைத்தால் உறவு ஏற்படாது. ஒளி வருகிறதா என்று இழையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள்; அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாமலே கேடு செய்ய வல்லது. இஃப்கான்ஃபிக் என்னும் கட்டளையை விரிவாகக் கேட்டால், வந்து சேரும் ஒளியின் அளவை அதுவே சொல்லும். இறுதியாக, வாயிலுக்கு முகவரி தந்து, அதனை ஆர்ஸி கான்ஃப் என்னும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிடில், அடுத்த முறை கணிப்பொறி விழிக்கும்போது அனைத்தும் மறந்துபோகும்.

இவை யாவும் அறிந்தவன்தான் நான். நான் பணியாற்றிய கல்விக்கூடம் ஒன்றில், பழைய கணிப்பொறி ஒன்றின் வட்டு நோயுற்று, பிழைச் செய்திகளை உமிழத் தொடங்கியது. மாணவர்கள் ஓராண்டு உழைத்துச் சேர்த்த ஆய்வுக் கோப்புகள் அதில் இருந்தன. வட்டு ஓய்வதற்கு முன் அவற்றை அடுத்த கட்டடத்துப் புதிய கணிப்பொறிக்கு மாற்ற வேண்டும். இரண்டிலும் புதிய அட்டைகளைப் பொருத்தினேன். இடையே ஒரு ஸ்விட்சு. எனக்குத் துணையாகப் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் இருந்தார். இழைகளைப் பதித்தவர் அவரே.

விரைவு வேண்டுமென்று, ஒரு பொட்டலத்தின் பேரளவை வழக்கமான 1500 பைட்டிலிருந்து 9000 பைட்டாக இரு முனைகளிலும் உயர்த்தினேன். பிங் அனுப்பினேன், மறுமொழி வந்தது. உள்நுழைந்தேன், வாயில் திறந்தது. ஆனால், கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் எல்லாம் உறைந்து நின்றது. கோப்புகளின் நீண்ட பட்டியலைக் கேட்டாலும் அதே கதி.

நான் இயக்கியைக் குறை கூறினேன், வேறு பதிப்பை ஏற்றினேன், பயனில்லை. பிறகு அந்த இளைஞர்மீது என் சினம் திரும்பியது. இழையை வளைத்துவிட்டீர், முனையில் தூசியை விட்டீர் என்று கடிந்து பேசினேன். அவர் மறுமொழி கூறாமல் மூன்று முறை முனைகளைத் துடைத்துப் பொருத்தினார். நள்ளிரவு கடந்தது. வட்டின் பிழைச் செய்திகள் பெருகின.

அப்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஐயா, சிறிய பிங் ஆயிரம் அனுப்பிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. இழையில் தூசி இருந்தால், அவற்றிலும் சில தவறியிருக்க வேண்டுமே! சிறியது போகிறது, பெரியதுதான் நிற்கிறது.”

அச்சொல் என் கண்ணைத் திறந்தது. பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற ஆணையுடன் 1472 பைட்டுச் சரக்கை அனுப்பினோம். தலைப்புகளாக 28 பைட்டு சேர்ந்து அது 1500 ஆகும். மறுமொழி வந்தது. அடுத்து 8972 பைட்டு அனுப்பினோம். அது 9000 ஆகும். மறுமொழி இல்லை. தேரைப் பெரிதாகச் செய்துவிட்டேன். நடுவிலுள்ள தெருவை அகலப்படுத்த மறந்தேன். பெரிய பொட்டலங்களை ஏற்குமாறு அந்த ஸ்விட்சுக்கு நான் சொல்லவே இல்லை. வழிச்செலுத்தியாக இருந்தால், இது பெரிது என்று அனுப்பியவருக்கு ஓர் ஓலை விடுக்கும். ஸ்விட்சோ ஒன்றும் சொல்லாமல் வீசிவிடும். தன் கணக்கேட்டில் மட்டும் ஒரு கோடு கிழித்துக்கொள்ளும். அந்தக் கணக்கேட்டை நான் திறந்து பார்க்கவில்லை.

உடனே இரு முனைகளிலும் அளவை 1500-க்கு இறக்கி, நகலைப் புதிதாகத் தொடங்கினோம். கோப்புகள் ஓடத் தொடங்கின. பொழுது புலர்ந்தபோது கடைசிக் கோப்பும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் சரிபார்த்த பின்னரே பழைய கணிப்பொறியை நிறுத்தினோம். ஸ்விட்சைத் திருத்தி 9000-ஐ மீண்டும் அமைத்தது மறுநாள் வேலை.

அந்த இளைஞரிடம் அன்று காலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “தேநீர் வாங்கித் தாருங்கள் ஐயா, போதும்” என்றார்.

மாணவ நண்பர்களே, இயந்திரம் பழுதுறும்போது நம் மனம் அருகிலிருக்கும் எளியவரையே முதலில் குற்றவாளி ஆக்குகிறது. கண்ணாடியின் மாசை அறிய காவ் அவர்கள் அளந்து பார்த்தார். அந்த இளைஞரும் ஆயிரம் முறை அளந்து பார்த்தார். நான் மட்டுமே அளக்காமல் தீர்ப்புச் சொன்னேன். நீங்களும் நாளை இத்தகைய கூடங்களில் நிற்பீர்கள். எது போகிறது, எது நிற்கிறது என்று முதலில் சோதித்துப் பாருங்கள். யாரையும் கடிவது இருந்தால், அதன் பின்னர் ஆகட்டும்.