வரைபடத்தில் இல்லாத தெரு
(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

"உலகக் குடிமகன் நான்" என்று உரைப்பது எளிது, காசு செலவில்லை! அந்தப் பட்டத்துக்குரிய பணி யாது என்று கேட்டால்தான் பலருக்கு வாயடைத்து விடுகிறது. அத்தகைய பணி ஒன்றினைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளேன்.

2010 ஜனவரி 12. ஹைட்டி நாட்டிலே நிலம் நடுங்கிற்று. அடிமைத் தளையை அறுத்தெறிந்து, 1804லேயே விடுதலை முழக்கமிட்ட கறுப்பின மக்களின் நாடு அது! தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்து வீழ்ந்தது. மருந்து வந்தது, மருத்துவர் வந்தனர். ஆனால், எந்தத் தெரு எங்கே செல்கிறது என்று காட்டும் நல்ல வரைபடம் இல்லை! ஏழையின் தெருவை வரைந்து எவனுக்கு என்ன இலாபம்?

வரைந்தது யார்? வல்லரசா? இல்லை. வணிகக் கோமான்களா? இல்லை. 2004இல் இங்கிலாந்தில் தோன்றிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் பொது வரைபடத்தின் தொண்டர்கள்! பல நாட்டினர், தத்தம் கணினி முன் அமர்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பாதை பாதையாகக் கோடிட்டனர். சில நாட்களில் தெருக்கள் தெரிந்தன. மீட்புப் பணியினர் அவ்வழியே நடந்தனர்.

இத்தொண்டு கல்லூரிக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்று 2015இல் தொடங்கிய 'யூத்மேப்பர்ஸ்' மாணவர் இயக்கம் பல நாடுகளில் கிளை பரப்பிற்று. அங்கே கற்கும் முறையே புதிது! புதியவன் பாறையை வீடென்று வரைந்து விடுகிறான். பழகிய ஒருவன், கடல் கடந்த நாட்டிலிருந்து, நிழலைப் பார்த்துப் பிழையைத் திருத்துகிறான். திருத்தப்பட்டவனே நாளை மற்றொருவனைத் திருத்துகிறான். ஆண்டான் இல்லை, அடிமை இல்லை. அனைவரும் ஆசிரியர், அனைவரும் மாணவர்!

ஆனால், தோழர்களே, வானிலிருந்து பார்த்தால் கூரை தெரியும், பெயர் தெரியுமா? கூரையின் கீழிருப்பது பள்ளியா, மருந்தகமா என்று அவ்வூரார்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் வரைபடம் நிறைவுறாது. கோடிட்டவன் வள்ளல், அவ்வூரான் இரவலன் என்ற எண்ணம் தலைதூக்குமானால், அது குடிமையன்று. ஆதிக்கத்தின் புது வேடம்! 1802இல் கும்பினியார் நம் சென்னைப் பரங்கிமலை அருகே அளவுச் சங்கிலியை நீட்டினர். எதற்கு? நாட்டை அளந்தனர், ஆள்வதற்கு! நாமோ அளப்பது, அணைப்பதற்கு!

யூத்மேப்பர்ஸ் தோன்றத் துணைநின்ற அமெரிக்க அரசின் 'யூ.எஸ்.எய்ட்' நிறுவனம் 2025இல் மூடப்பட்டது. அரசின் கை மூடினால் மாணவரின் கையும் மூட வேண்டுமா? வேண்டியதில்லை! அவர்கள் வரைந்த படம் எவருக்கும் பொது. எந்த ஆட்சியும் அதைப் பூட்டிவைக்க இயலாது. இனித் தேவை பணமன்று, உங்கள் ஒரு மணி நேரம்.

முகமறியா ஒருவரின் ஊருக்கு இன்றிரவு ஒரு பாதை வரையுங்கள். அதன் பெயரை அவரிடமே கேளுங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள், "உலகக் குடிமகன் நான்" என்று!