டீசல் வண்டி படுத்தால் பழி யாருக்கு?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வண்டி ஓட்டும் தோழர்களிடம் ஒரு பேச்சு உண்டு. "பழைய டீசல் எஞ்சின் சாகாது; புது எஞ்சின்தான் அடிக்கடி படுத்துக்கொள்கிறது. எல்லாம் இந்தப் புகைச் சட்டத்தால் வந்த வினை" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி வண்டி விற்கிறவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் என்றே நாம் கருதுகிறோம்.

இதைத் தெளிவாகப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே டீசல் பிக்-அப் என்பது விவசாயியும் தச்சரும் சில்லறைக் குத்தகைக்காரரும் பிழைப்புக்கு வைத்திருக்கும் வண்டி. புகைச் சட்டம் 2004, 2007, 2010 என்று மூன்று படியாக இறுகியதும் அங்கேதான்.

போர்டு கம்பெனியின் பெரிய பிக்-அப்களில் 1994 முதல் 2003 வரை 7.3 லிட்டர் டீசல் எஞ்சின் இருந்தது. சத்தம் அதிகம், ஆனால் உழைக்கும். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுக் காற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. அதற்காக வந்தது 6.0 லிட்டர் எஞ்சின். இரண்டையும் செய்து கொடுத்தது நவிஸ்டார் என்ற கம்பெனி.

கணக்கு எழுதும் கிராணிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும், இங்கே கொஞ்சம் எண்ணெய்க் கறை படிந்த பேச்சு. எஞ்சின் கக்கும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டால் நெருப்பின் சூடு தணியும். நச்சுக் காற்றும் குறையும். திருப்பி விடுமுன் அந்தப் புகையைத் தண்ணீரால் குளிர வைக்க ஒரு கூலர் வேண்டும். 6.0 எஞ்சினில் அந்தத் தண்ணீர் எண்ணெய்க் கூலரைத் தாண்டித்தான் புகைக் கூலருக்குப் போனது. எண்ணெய்க் கூலரின் நுண்ணிய வழிகளில் அழுக்கு சேர்ந்து அடைத்தது. தண்ணீர் வரத்துக் குறையவே புகைக் கூலர் கொதித்து விரிசல் விட்டது. தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியது. ஹெட்டை இறுக்கிப் பிடிக்க ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் நான்கே போல்ட்டுகள், கேஸ்கட் தாங்குமா?

தோழர்களே, ஹெட்டுக்கு நான்கு போல்ட் போதும் என்று எந்தச் சட்டம் சொன்னது? அடைத்துக்கொள்ளும் கூலரை வைக்கச் சொன்னது யார்? அதே காலத்தில், அதே சட்டத்துக்கு உட்பட்டு, கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் எஞ்சின் புகையைத் திருப்பி விடாமலே தேறியது. நல்ல பேரும் எடுத்தது. ஆக, சட்டம் வைத்தது ஒரு பரீட்சை. அதை எப்படி எழுதினார்கள் என்பது கம்பெனிகளின் பாடு.

2007 ஜனவரியில் போர்டு, நவிஸ்டார் மேல் வழக்குப் போட்டது. பழுது பார்த்த செலவை யார் ஏற்பது என்பதே தகராறு. 2009-இல் சமாதானமாகிவிட்டார்கள். முதலாளிக்கு முதலாளி வழக்குமன்றம் உண்டு, சமரசமும் உண்டு. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு கூலர் வெடித்த தச்சர் தம் சொந்தப் பையிலிருந்துதான் கொடுத்தார்.

சட்டத்தால் தொல்லையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. 2007-இல் கரித்தூளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னபோது புகைக்குழாயில் வடிகட்டி வந்தது. அதில் தங்கும் கரியை எஞ்சின் அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். சூட்டுக்கு நீண்ட ஓட்டம் வேண்டும். ஸ்டோருக்கும் மலைக்காட்டுக்குமாக அரை மைல், ஒரு மைல் ஊர்ந்து திரியும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். பிறகு யூரியாக் கரைசல் வந்தது. அது தீர்ந்தாலோ, அதன் உணர்கருவி கெட்டாலோ, நல்ல எஞ்சினும் ஊரத் தொடங்கிவிடும். இந்தக் கெடுபிடியைத் தளர்த்தும்படி 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகாவே வண்டிக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. நியாயமான காரியம்.

தொல்லை தாளாமல் பலர் வடிகட்டியைக் கழற்றி எறிந்தார்கள். பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப்கள் அப்படி மாற்றப்பட்டதாக அந்த இலாகா 2020-இல் கணக்கிட்டது. பெரிய கம்பெனியும் இதற்கு விலக்கல்ல. மேலே நாம் புகழ்ந்த அதே கம்மின்ஸ், பரீட்சையை ஏய்க்கும் கருவிகளை 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்-அப்களில் வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 167 கோடி டாலருக்கு மேல் தண்டம் கட்டச் சம்மதித்தது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அந்தப் புகையை முதலில் குடிப்பவன் தொழிலாளி. அமெரிக்கச் சுரங்கங்களில் வேலை செய்த 12,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். தொழிற்சங்கம் உள்ள லோரிக் கம்பெனிகளில் 31,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சி 2008-இல் வந்தது. ஓட்டுநரும் சரக்கு ஏற்றி இறக்குவோரும் நுரையீரல் புற்றுநோயால் கூடுதலாக மாண்டிருந்தார்கள். 2012 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம், டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து போகும் நமக்கு இது தூரத்துச் செய்தியா?

நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் முதல் கந்தகம் மிகக் குறைந்த யூரோ 5 டீசல் வந்துவிட்டது. வடிகட்டி உள்ள பிக்-அப்கள் தோட்டங்களுக்குள் நுழைகின்றன. அவற்றை ஓட்டும் தோழர்களுக்குச் சில வார்த்தை. வடிகட்டி விளக்கு எரிந்தால் வண்டியைப் பெரிய ரோட்டில் நன்றாகச் சூடேற ஓட்டி வர அனுமதி கேளுங்கள். யூரியா கேட்கும் வண்டிக்கு, மரத்துக்குப் போடும் உரத்தைக் கரைத்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள அழுக்கு கருவியைக் கெடுத்துவிடும். சுத்தமான நீரில் நூற்றுக்கு 32.5 பங்கு கலந்து விற்கும் கரைசலே வேண்டும்.

விளக்கு எரிந்த நாளையும் நேரத்தையும் வண்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கிராணிமார் நண்பர்களே, அந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நாளை எஞ்சின் போனால், ஓட்டத் தெரியாதவன் கெடுத்தான் என்று சம்பளத்தில் கை வைக்க வருவார்கள். அப்போது சங்கம் மேசைமேல் எடுத்து வைக்க அந்தப் புத்தகம் இருக்க வேண்டும்.