காரணமில்லாத ஒரு நாள்



இன்றைய தலைப்பு குடும்பத்தோடு ஒரு நாள் உல்லாசப் பயணம். "இதற்கெல்லாம் ஓர் உரையா?" என்று சிலர் கேட்கலாம். ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லிப் பாருங்கள். பெரியப்பா, சித்தி, அத்தை வீட்டார், பழைய தோட்டத்து நண்பர்கள் எல்லாரும் கடைசியாக ஒன்றுகூடியது எப்போது? பெரும்பாலான வீடுகளில் வரும் பதில் இதுதான்: ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, அல்லது ஒரு சாவு.

கல்யாணத்தில் வந்தவர்களைக் கவனிக்கவே நேரம் போதாது. திருவிழாவில் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். சாவு வீட்டில் மனம் விட்டுப் பேச முடியாது. ஆக, உறவுகள் கூடுகின்றன. ஆனால் உட்கார்ந்து பேசுவதில்லை.

தோட்டப்புற வாழ்க்கையில் இந்தக் குறை இருந்ததில்லை. ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். ஒரே பிரட்டில் பெயர் கொடுத்தார்கள். ஓய்வும் எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தது. அன்று ஆண்கள் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள். பிள்ளைகள் திடலில் பந்து விளையாடினார்கள். எப்போதாவது இரவில் அதே திடலில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். யாரும் திட்டம் போட வேண்டியிருக்கவில்லை. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று பிரிந்து அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். அன்று தானாக வந்த ஓய்வு நாளை இன்று நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

ஓய்வு நாளுக்காகப் போராடியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1932-ஆம் ஆண்டு, மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களின் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்துக்கு நடந்தே ஏறினார்கள். அது செல்வந்தர்கள் பறவை வேட்டையாட ஒதுக்கிய நிலம். விடுமுறை நாளில் அங்கே காலாற நடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அந்த வட்டாரமே நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது.

நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கோலசிலாங்கூரில் குன்றும் ஆறும் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. தேதி குறிக்கத்தான் ஆளில்லை.

கோலாலம்பூரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு, 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை இருக்கிறது. ஈஜோக் வந்ததும், சற்றுச் சுற்றானாலும் பெஸ்தாரி ஜெயா பக்கம் போய் வரலாம். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசையும் பெற்றார். அவர் பெயர் வரலாற்றில் நின்றது. தோட்டங்களில் காடு வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்தவர்களின் பெயர்களைப் பாட்டியும் தாத்தாவும்தான் சொல்ல வேண்டும். காரை ஓரமாக நிறுத்துங்கள். அவர்கள் பேசட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.

அடுத்து புக்கிட் மெலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றின் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். பீரங்கிகளும், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இன்றும் நிற்கின்றன. அங்குள்ள சாம்பல் நிறக் குரங்குகளின் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் போதும், அரைமணி நேரம் நகரமாட்டார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். சிக்கிஞ்சான் வயல், கடற்கரை, சந்தை என்று ஒரே நாளில் ஏழு இடம் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். இரண்டு இடம் போதும். மரநிழலில் பாய் விரித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து, மதியத்தை அங்கேயே கழியுங்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலியை மறக்க வேண்டாம்.

மாலையில் பாலம் கடந்தால் ஆற்றின் வடகரையில் பாசிர் பெனம்பாங். இறாலும் நண்டும் மீன் உருண்டையும் பேர்போன சீன மீனவக் கிராமம். படகுகள் கரை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு. கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றுபோல் மின்னி ஒன்றுபோல் அணையும். ஆண்பூச்சி பெண்பூச்சிக்கு விடும் அழைப்பு அது. இவற்றின் புழுக்கள் ஆற்றங்கரை ஈரத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை அழித்தால் பூச்சியும் இல்லை. விளக்கு வெளிச்சமும் அவற்றுக்குப் பகை. ஆகவே கைப்பேசியைப் பையில் வையுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். நிலவில்லாத, மழையில்லாத இரவாகப் பார்த்துப் போங்கள்.

நேயர்களே, தோட்டத்தை அறிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய கதைகளை அடுத்த சாவு வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அன்று சொல்வதற்கு அவர்களே இருக்கமாட்டார்கள். வருகிற பள்ளி விடுமுறைக்கு முன்பே நாள்காட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். முதல் அழைப்பு, நெடுநாளாகப் பேசாத அந்த ஒருவருக்குப் போகட்டும். "என்ன விசேஷம்?" என்று கேட்பார். "ஒன்றுமில்லை, சும்மா வாங்க" என்று சொல்லுங்கள்.