நள்ளிரவில் தட்டப்படும் கதவு

(ஆண்டின் பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 11:1-13)



“ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்துவிட்டால் மற்ற ஆறு நாளும் சாமிக்கு ஓய்வுதானே?” என்று எங்கள் மக்கள் விளையாட்டாகக் கேட்பதுண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பணியாற்றும் அருள்பணியாளர்கள் நாங்கள் சந்திக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

திங்களன்று கிளைக் கிராமத்தில் ஓர் அடக்கம். செவ்வாய் மாலை தூய அந்தோனியார் நவநாள். புதன்கிழமை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடிதம் கேட்டு வரும் பெற்றோர். வியாழன் இரவு அன்பியக் கூட்டம். அது முடிந்த பிறகும் ஒரு கணவனும் மனைவியும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பேச வைப்பதற்குள் மணி பத்தாகிவிடும். முதல் வெள்ளியானால் வீடு வீடாக நோயாளிகளுக்கு நற்கருணை. சனிக்கிழமை மறைக்கல்வி ஆசிரியர் கூட்டம், ஒப்புரவு அருளடையாளம். இதற்கு நடுவில் ஊரிலிருந்து எங்கள் அம்மா அழைப்பார்: “சாப்பிட்டியா? போன வாரமே வரேன்னியே?” எங்களுக்கும் குடும்பம் உண்டு அல்லவா?

எனவே இன்றைய நற்செய்தியில் வரும் அந்த வீட்டுக்காரரை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. நள்ளிரவில் நண்பர் கதவைத் தட்டுகிறார். மூன்று அப்பம் வேண்டும் என்கிறார். கதவைப் பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், எழுந்து தர முடியாது என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அவர் கெட்டவர் அல்லர். அவர் சொல்லும் காரணம் நியாயமானது. கதவைத் திறக்காமல் இருக்க நாம் சொல்லும் காரணங்களும் பெரும்பாலும் நியாயமானவைதாம்.

தட்டியவரைக் கவனியுங்கள். அவர் தம் பசிக்காகக் கேட்கவில்லை. தம் வீட்டுக்கு வந்த வழிப்போக்கருக்காகக் கேட்கிறார். பிறருக்காகக் கேட்பதால்தான் அவருக்கு வெட்கம் இல்லை.

அன்பார்ந்தவர்களே, நம் திண்டிவனத்திலேயே அப்படி ஓர் இரவு கழிந்தது. அமெரிக்கன் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் குடும்பம் இங்கே தங்கியிருந்தது. அவருடைய மகள் ஐடா, உடல்நலம் குன்றிய தம் தாயைப் பார்த்துக்கொள்ள 1890-இல் வந்திருந்தார். அம்மா தேறியதும் அமெரிக்கா திரும்ப வேண்டும், மிஷன் வேலை நமக்கு வேண்டாம் என்பதே அந்த இளம்பெண்ணின் எண்ணம்.

ஓரிரவு ஒரு பிராமணர் வந்தார். பிரசவ வேதனையில் இருக்கும் தம் இளம் மனைவிக்கு உதவ வருமாறு ஐடாவை அழைத்தார். “நான் மருத்துவம் படித்தவள் அல்லள், அப்பாவை அழைத்துப் போங்கள்” என்றார் ஐடா. ஓர் ஆண் மருத்துவரை உள்ளே விட அவருடைய வழக்கம் இடம் தரவில்லை. அவர் போனபின் ஓர் இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பின்னர் வேறொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

மூவரும் தங்கள் மனைவியருக்காகத் தட்டினார்கள். அன்று திறக்க ஐடாவிடம் சாவி இல்லை. ஆனால் அந்த ஒலியை அவர் மறக்கவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணி 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. நம் வீடுகளில் அங்கே ஒரு முறையாவது போய்வராத வீடு குறைவு. வேறு திருச்சபையைச் சார்ந்த சகோதரி அவர். நன்றியோடு நினைக்க அது தடையில்லை.

இதைச் சொல்லும்போது எங்களுக்கு வேறோர் இரவும் நினைவுக்கு வருகிறது. நல்ல மழை. அன்று இரண்டு அடக்கம் முடித்துக் காய்ச்சலோடு படுத்திருந்தோம். பதினோரு மணிக்கு மேல் கிளைக் கிராமத்திலிருந்து ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் நனைந்துகொண்டு வந்தார். “சாமி, அம்மாவுக்கு முடியல. அவஸ்தை கொடுக்க வரணும்” என்றார். “காலைப் பூசை முடிந்ததும் முதல் வேலையாக வருகிறோம்” என்றோம். “சரிங்க சாமி” என்று வண்டியைத் திருப்பினார்.

காலையில் நாங்கள் புறப்படும்போதே துக்கச் செய்தி வந்துவிட்டது. அந்த வீட்டில் ஒருவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. மகன் நாற்காலி எடுத்துப் போட்டார். “‘மழையில சாமியை அலைய விடாதே’ன்னு அம்மாவே சொல்லிச்சு” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு இரவில் யார் தட்டினாலும் எழுந்துவிடுகிறோம். ஆனாலும் அந்த ஒரு கதவை இனித் திறக்க முடியாது. அதை ஆண்டவரின் இரக்கத்தில்தான் வைத்திருக்கிறோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விடிந்தால் திருவருகைக்கால முதல் ஞாயிறு. கடலின் கொந்தளிப்பைப் பற்றிய நற்செய்தியை வாசிக்க வேண்டிய நாளில் நம் தெருக்களிலேயே தண்ணீர் நின்றது. தென்பெண்ணையும் பெருகியது. அந்த வாரம் கோயில் எது, பள்ளி எது, வீடு எது என்று யாரும் பார்க்கவில்லை. இடம் இருந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். அடுப்பு எரிந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சோறு வெந்தது. யாருக்கு எந்தச் சாமி என்று கேட்கவில்லை. நம்மால் முடியும் என்பது அந்த வாரம் தெரிந்தது. புயல் இல்லாத வாரத்தில் நாம் என்ன செய்கிறோம்?

கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள் என்று கற்பிக்கிறார் ஆண்டவர். நம் தந்தையாம் கடவுள் தூக்கத்தைக் காரணம் காட்டுகிறவர் அல்லர். நாம் தட்டும்போது அவர் திறக்கிறார். தூய ஆவியாரையே தருகிறார். அந்த ஆவியாரைப் பெற்றவர்கள் நாம் என்பதற்கு என்ன அடையாளம்? நம் கதவு எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்பதுதான்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். செபத்தில் நமக்காகக் கேட்பதற்கு முன், வேறொருவர் பெயரைச் சொல்லிக் கேட்போம். பிறகு அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவோம். ஊரில் காத்திருக்கும் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை பேசிவிடுவோம். அவரும் நம் கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்தாம்.

செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, நாங்கள் திறக்கத் தவறிய கதவுகளுக்காக எங்களை மன்னியும். இன்றிரவு தட்டப்போகிறவரின் ஒலியைக் கேட்கும் செவியையும், எழுந்திருக்கும் மனத்தையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.